பவர் உள்ள கூலிங் கிளாஸ்: முதலில் பவர், அடுத்து பிரேம், கடைசியில்தான் நிறம்

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விடை முழுவதும் அதிலுள்ள எண்களை நம்பித்தான் நிற்கிறது. உங்களுக்கு வயது 43. குளச்சல் பக்கத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வலக்கண்ணுக்கு மைனஸ் 3.75, இடக்கண்ணுக்கு மைனஸ் 4.50, இரண்டிலும் சிறிதளவு சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் வேண்டிய கூடுதல் பவர்; அண்மையில் வெள்ளெழுத்தும் தொடங்கியிருக்கிறது. திங்கள்நகரிலிருந்து தினமும் பைக்கில் பள்ளிக்குப் போகிறீர்கள், மாலையில் மாணவர்களோடு வாலிபால் ஆடுகிறீர்கள், ஞாயிறு காலையில் சொத்தவிளைப் பக்கம் கடலோரமாகச் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். வெயிலில் நிறம் மாறும், தூரப் பார்வைக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் தரும் புரோகிரசிவ் லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் அது போதும் என்று கடையில் சொன்னார்கள், அது சரியா என்பது கேள்வி. நாகர்கோவிலில் கண்ணாடித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் விடை: சரியல்ல. அந்த லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றுக்குக்கூட அது முழுமையாகப் பொருந்தாது.

நம் மாவட்டத்து வெளிச்சத்தைப் பற்றி இரண்டு செய்திகள் தேவை. நாம் ஏறத்தாழ 8 பாகை வட அட்சத்தில் இருக்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் அநேகமாக நேர் உச்சியில் நிற்கும். ஆனால் கண்ணைப் பொறுத்தவரை உச்சி வெயிலைவிடக் காலையும் பிற்பகலும்தான் கூடுதல் கவனத்துக்குரியவை, ஏனெனில் உச்சியிலிருந்து வரும் ஒளியைப் புருவமும் மேலிமையும் ஓரளவு மறைத்துவிடுகின்றன, சாய்ந்து வரும் ஒளியோ நேராகக் கண்ணுக்குள் நுழைகிறது. உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. மெல்லிய மேகம் இருந்தால் அக்கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் அதை ஊடுருவி வந்துவிடும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெயில் சுடவில்லை என்பதற்காகக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுச் செல்வது பொருந்தாது. கடலுக்குப் போகும் நம்மவர் பலர் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழி மேல் ஏறி வளரும் சதையோடு மருத்துவரிடம் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டெரிஜியம் எனப்படும் அந்தச் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. காதுப் பக்கத்திலிருந்து வரும் ஒளி கருவிழியால் வளைக்கப்பட்டு எதிர்ப்பக்கமான மூக்கோரத்தில் குவிவதே அதற்குக் காரணம் என்று விளக்கப்படுகிறது. முன்னால் மட்டும் இருண்டு பக்கவாட்டில் திறந்து கிடக்கும் கண்ணாடி ஏன் பாதிப் பாதுகாப்புதான் என்பதும், அகன்ற விளிம்புத் தொப்பி ஏன் பயனற்ற அலங்காரம் அல்ல என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இருட்டும் பாதுகாப்பும் ஒன்றல்ல. புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளோ அதில் சேர்த்த வேதிப்பொருளோதான். நிறம் அதைச் செய்வதில்லை. 400 நானோமீட்டர் அலைநீளம் வரை, அதாவது புற ஊதாக் கதிர் முழுவதையும், தடுக்கும் தெளிந்த லென்ஸ், எதையும் தடுக்காத கறுத்த லென்ஸைவிடக் கண்ணுக்கு நல்லது. கறுத்த லென்ஸின் பின்னால் கண்பாவை விரிந்துகொள்வதால் தடுக்கப்படாத கதிர் கூடுதலாகவே உள்ளே போகும். பாலிகார்பனேட் இயல்பாகவே இக்கதிரைத் தடுக்கும். சி.ஆர். 39 எனப்படும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு அதற்கான சேர்க்கை தனியாக வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு இருந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம்: ரூபாய் நோட்டின் எண் வரிசை அந்த ஒளியில் ஒளிரும்; விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடித்தால் அந்த ஒளிர்வு அணைய வேண்டும். இது ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது, ஆனால் முற்றிலும் போலியான சரக்கைக் காட்டிக்கொடுக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பவர் இல்லாதவர் கூலிங் கிளாஸ் வாங்கும்போது முகத்துக்கு எது எடுப்பாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். பவர் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, ஏனெனில் அவருடைய பவர்தான் பிரேமைத் தீர்மானிக்கிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். ஓரத்தின் தடிமன், கண்பாவைக்கு நேரான புள்ளியிலிருந்து பிரேமின் ஓரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பிரேமின் காதுத்தண்டின் உட்புறத்தில் 50, 18, 140 என்பதுபோல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது தண்டின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். உங்கள் இரண்டு கண்பாவைகளுக்கும் இடையே 62 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். 60, 16 என்ற பெரிய பிரேமில் உங்கள் இடக்கண் லென்ஸின் வெளிப்புற ஓரம் கண்பாவையிலிருந்து 37 மி.மீ. தள்ளி விழும், சாதாரண சி.ஆர். 39 பிளாஸ்டிக்கில் அந்த ஓரம் ஏறத்தாழ 8 மி.மீ. தடிமனாகும். 50, 18 என்ற பிரேமில் அதே ஓரம் 28 மி.மீ. தூரத்தில் நிற்கும், தடிமன் 5 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். பெரிய பிரேமை விட மனமில்லாமல் 1.60 குறியீட்டு எண்ணுள்ள (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண் இது; கூடினால் லென்ஸ் மெலியும்) விலை கூடிய மெல்லிய லென்ஸைப் போட்டாலும் ஆறரை மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். அதாவது சிறிய பிரேமில் போட்ட மலிவான லென்ஸ், பெரிய பிரேமில் போட்ட விலை உயர்ந்த லென்ஸைவிட மெல்லியதாக இருக்கும். கடையில் முதலில் மெல்லிய லென்ஸைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் முதலில் பிரேமின் அகலத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அந்தக் கண்பாவை இடைவெளியை அளக்காமல் எந்தக் கடையும் லென்ஸ் வெட்டக் கூடாது. பழைய சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வது போதாது. ஒவ்வொரு கண்ணுக்கும் மூக்கின் நடுவிலிருந்து தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள், ஏனெனில் இரண்டு பக்கமும் சமமாக இருப்பவர்கள் குறைவு. சீட்டு ஓராண்டுக்கு முற்பட்டது என்றால் புதிய பரிசோதனையே நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நாட்களில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடவே மாறும். வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறது, எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி கேட்டு வருபவர்களில் சிலருக்குக் கண்புரை தொடங்கியிருக்கும். அவர்கள் போகவேண்டிய இடம் மருத்துவமனை.

லென்ஸின் பொருளில் உங்களுக்கு இரண்டே தேர்வுகள்: பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ். இரண்டு சக்கர வண்டியிலும் மைதானத்திலும் அடி தாங்கவேண்டும் என்பதால் மற்றவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பாலிகார்பனேட்டின் குறியீட்டு எண் 1.586, ட்ரைவெக்ஸின் எண் 1.53, ஆகவே முன்னது சற்று மெல்லியதாகும். ஆனால் ஓரமாகப் பார்க்கும்போது நிறங்கள் பிரிந்து தெரிவதைக் காட்டும் அபே எண் பாலிகார்பனேட்டுக்கு 30 அளவில்தான் இருக்கிறது, ட்ரைவெக்ஸுக்கு 43 அளவில், சி.ஆர். 39-க்கு 58 அளவில். எண் குறையக் குறைய நிறச் சிதறல் கூடும். மைனஸ் 4.50-இல் சிலர் இதை உணர்வார்கள், பலர் உணரமாட்டார்கள். பணம் இடம் கொடுத்தால் ட்ரைவெக்ஸ், இல்லையென்றால் பாலிகார்பனேட் என்று முடித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு இருட்டு என்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கடையில் 85 சதவீத டின்ட் என்று சொன்னால் லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும் ஒளியைச் சொல்கிறார்கள். தரநிலைகளோ லென்ஸ் கடத்தும் ஒளியைச் சொல்கின்றன. ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற தரநிலையின்படி 8 முதல் 18 சதவீதம் வரை ஒளியைக் கடத்துவது மூன்றாம் வகை, 18 முதல் 43 வரை இரண்டாம் வகை, 3 முதல் 8 வரை நான்காம் வகை. நம் ஊர்ப் பகல் வெளிச்சத்துக்கு மூன்றாம் வகை, அதாவது கடைக்காரர் சொல்லும் 85, சரியாக இருக்கும். நான்காம் வகையை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. அதேபோல் 75 சதவீதத்துக்குக் குறைவாக ஒளி கடத்தும் எந்த லென்ஸும் அந்திக்கும் இரவுக்கும் ஆகாது. இரவில் எதிர் விளக்குக் கூச்சத்துக்கென்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடிகளையும் இதே காரணத்தால் நான் யாருக்கும் சொல்வதில்லை. நிறங்களில் சாம்பல் எல்லா வண்ணங்களையும் இயல்பாகக் காட்டும், பழுப்பு வேறுபாடுகளைத் தூக்கிக் காட்டும். மற்ற நிறங்கள் விருப்பத்தைப் பொறுத்தவை.

போலரைஸ்டு லென்ஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடலோர மாவட்டத்தில் அது உண்மையான பயன் தரும் சில செலவுகளில் ஒன்று. கடல், நனைந்த தார்ச்சாலை, காரின் முன்மூடி, புத்தளம் உப்பளத்துப் பாத்தி போன்ற கிடைமட்டமான பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. நீர்ப்பரப்பில் செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை சாய்வில் அது ஏறத்தாழ முழுமையாகவே அப்படி அதிர்கிறது. அந்த அதிர்வை மட்டும் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்றை லென்ஸுக்குள் வைப்பதுதான் போலரைஸ்டு. வெறும் டின்ட் எல்லாவற்றையும் ஒரேயளவு மங்கலாக்க, இது கூச்சத்தை மட்டும் தனியே எடுத்துவிடும். முட்டம் பாறையிலிருந்து கடலைப் பார்த்தால் பளபளப்பு விலகி நீருக்கடியில் பாறை தெரியும். வள்ளத்தில் போகிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் திரைகளில் இடைஞ்சல் தரும்: பைக்கின் டிஜிட்டல் மீட்டர், கைப்பேசி, படகில் உள்ள ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றின் திரைகள் ஒளியை ஒரே திசையில் அதிரவிடுபவை என்பதால் சில கோணங்களில் கறுத்துப்போகும். ஆகவே வாங்குமுன் உங்கள் பைக்கின் மீட்டரை அந்த லென்ஸ் வழியே பார்த்துவிடுங்கள். லென்ஸ் உண்மையிலேயே போலரைஸ்டுதானா என்று அறிய, கணினித் திரைமுன் அதைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும். ஏதாவதொரு கோணத்தில் திரை இருளவேண்டும். மழைக்காலத்துச் சாலையில் நீர் தேங்கிய பள்ளத்தின் அடியைக் காட்டுவது இதன் நன்மை. சாலை ஈரமாக இருக்கிறது என்று எச்சரிக்கும் மினுமினுப்பையே சில வேளை மறைத்துவிடுவது இதன் குறை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் பகல் பயணத்துக்கு நான் போலரைஸ்டு பக்கமே நிற்பேன்.

கடையில் சொன்ன நிறம் மாறும் லென்ஸைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: அந்த லென்ஸில் உள்ள வேதிப்பொருள் புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் முகமறைப்பும் காரின் முன்கண்ணாடியும் அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், எந்த இடத்தில் கறுக்கவேண்டுமோ அங்கே அது கறுக்காது. வெப்பம் கூடும்போது அவ்வேதிப்பொருள் விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால் நம் ஏப்ரல் வெயிலில் அதன் கறுமை ஊட்டி வெயிலில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். வகுப்பறைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருப்பவருக்கு அது வசதியான கண்ணாடி. உங்களுக்கும் வழக்கமான கண்ணாடியாக அதை வைத்துக்கொள்ளலாம். கூலிங் கிளாஸுக்கு மாற்றாக மட்டும் எண்ண வேண்டாம்.

புரோகிரசிவ் பற்றி: வெள்ளெழுத்து வந்துவிட்டது என்பதற்காக எல்லாக் கண்ணாடியிலும் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. புரோகிரசிவ் லென்ஸின் கீழ்ப்பகுதி அருகில் படிப்பதற்கானது. பந்தை எடுக்கக் குனியும்போதும் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்க்கும்போதும் அந்தப் பகுதி வழியாகத்தான் தரை தெரியும், தெரிவதும் மங்கலாகத்தான். தூரத்துக்கான ஒற்றைப் பார்வை லென்ஸ் போதும். கைப்பேசியில் ஏதாவது படிக்கவேண்டுமென்றால், மைனஸ் பவர் உள்ளவருக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது: கண்ணாடியைக் கழற்றினால் உங்கள் இடக்கண்ணுக்குச் சுமார் 22 செ.மீ., அதாவது ஒரு சாண் தூரத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும்.

விளையாட்டுக் கண்ணாடியில் முகத்தைச் சுற்றி வளைந்து வரும் பிரேம்கள்தான் கண்ணைக் கவரும். காற்றையும் தூசியையும் பக்க ஒளியையும் அவை நன்றாகத் தடுக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பவர் லென்ஸைச் சாய்த்துப் பொருத்தினால் பவரே மாறிப்போகிறது. மைனஸ் 4.50 லென்ஸைப் பக்கவாட்டில் 20 பாகை வளைத்து வைத்தால், யாரும் எழுதித் தராத சுமார் 0.60 சிலிண்டர் புதிதாகச் சேர்ந்துவிடும். தலை வலிக்கிறது, படி ஏறும்போது தரை சாய்கிறது என்று திருப்பிக் கொண்டுவரப்படும் விளையாட்டுக் கண்ணாடிகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். அந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துச் செய்யப்படும் ஈடுசெய்த லென்ஸ் உண்டு, ஆனால் விலை கூடும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மிதமாக மட்டும் வளைந்த பிரேமில் பாலிகார்பனேட் லென்ஸ் போடுவது முதல் வழி, என் தேர்வும் அதுவே. பவர் இல்லாத வளைந்த கண்ணாடியின் உட்புறத்தில் சிறிய பவர் லென்ஸைச் சொருகும் அமைப்பு இரண்டாவது. வியர்வையில் அது விரைவாக ஆவி பிடிக்கும். மூன்றாவது வழி, கான்டாக்ட் லென்ஸ் அணிந்து மேலே சாதாரண விளையாட்டுக் கண்ணாடி போடுவது. பார்வை விரிவில் இதற்கு நிகரில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து குளத்திலோ கடலிலோ திற்பரப்பு அருவியிலோ குளிக்கும் பழக்கம் இருந்தால் அதற்குமுன் லென்ஸைக் கழற்றியே தீரவேண்டும், ஏனெனில் நீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கடியில் தங்கிக் கருவிழியைப் புண்ணாக்கக்கூடியது.

வாலிபாலுக்குப் போலரைஸ்டு தேவையில்லை. பந்து வானத்தில் இருக்கிறது, நேராக வரும் வெயிலை அந்தப் படலம் தனித்துத் தடுப்பதில்லை. பழுப்பு நிறம், இரண்டாம் வகைக் கறுமை, ரப்பர் மூக்குத்தாங்கி, பின்னால் ஒரு பட்டை, இவ்வளவு போதும். ஆறு மணிக்குமேல் அதைக் கழற்றித் தெளிந்த கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். ஷட்டில் ஆடும் உங்கள் மாணவர்களில் பவர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: இறகுப்பந்தின் தக்கை 25 முதல் 28 மி.மீ. குறுக்களவே உடையது, கண்குழிக்குள் நேராகப் புகுந்துவிடும்; சாதாரண பிரேமில் அடிபட்டால் லென்ஸ் பின்னோக்கிக் கழன்று கண்ணிலேயே விழலாம். உள்ளரங்கில் நிறம் வேண்டாம். லென்ஸ் பின்னால் கழலாதபடி செய்த விளையாட்டுப் பிரேமில் தெளிந்த பாலிகார்பனேட் வேண்டும்.

ஆக உங்கள் பைக் பயணத்துக்கும் பொதுப் பயனுக்கும் சிறிய, உயரம் போதுமான, ஓரளவு தட்டையான பிரேமில் சாம்பல் நிறப் போலரைஸ்டு. காதுத்தண்டு மெல்லியதாகவும் நேராகவும் இருந்தால்தான் ஹெல்மெட்டுக்குள் நுழையும், கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சைக்கிளுக்கும் வாலிபாலுக்கும் மேலே சொன்ன பழுப்பு. இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாவிட்டால் முதலாவதை வாங்கிவிட்டு, விளையாட்டுக்கு இப்போதைய கண்ணாடியோடு தொப்பியைச் சேர்த்துச் சமாளியுங்கள். லென்ஸின் பின்பக்கம் எதிரொளித் தடுப்புப் பூச்சு போடச் சொல்லுங்கள். கறுத்த லென்ஸில் பின்னாலிருந்து வரும் ஒளி பட்டு உங்கள் கண்ணின் பிம்பமே தெரியும் தொந்தரவு அதனால் போகும். முன்பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சை நான் தவிர்ப்பேன், உப்புக்காற்றில் அது திட்டுத்திட்டாக உரியும். பிரேம் டி.ஆர். 90 நைலானாகவோ டைட்டானியமாகவோ இருந்தால் நல்லது. நம் கரையில் முதலில் துருப்பிடிப்பது கீலில் உள்ள சின்னத் திருகுதான்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் போன்ற கடின கனிமங்கள் கலந்திருக்கின்றன. அவை லென்ஸைவிடக் கடினமானவை. கடற்கரையிலிருந்து வந்ததும் காய்ந்த லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தால் ஒரே நாளில் கீறல் விழும். முதலில் நன்னீரில் அலசி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் தடவிக் கழுவி, பிறகு மென்துணியால் ஒற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் முன்தளத்தில் வைத்துவிட்டுப் போனால் பூச்சு வெடிக்கும்.

கண்ணாடி கைக்கு வந்ததும் கடையிலேயே லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துச் சீட்டிலுள்ள எண்களோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்; வெள்ளைத் தாள்மேல் வைத்து இரண்டு லென்ஸின் நிறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்; அணிந்துகொண்டு தரை ஓடுகளின் கோடுகளைப் பாருங்கள். கோடு லேசாக வளைந்து தெரிந்தால் சில நாட்களில் கண் பழகிக்கொள்ளும். ஒரு வாரத்துக்குப் பிறகும் தலைவலியோ இரட்டைத் தோற்றமோ நீடித்தால் பழகிவிடும் என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாமல், கண்பாவை இடைவெளியையும் லென்ஸின் மையத்தையும் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.